ஒரே கோயில், இரு பக்கங்கள்: தஞ்சைத் திருச்சபையின் பிணக்கு சொல்லும் பாடம்

திருச்சபை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கட்டப்பட்ட கோயில்களையும், தொடங்கப்பட்ட பாடசாலைகளையும், அச்சிடப்பட்ட நூல்களையும் பற்றியே எழுதி வந்துள்ளனர். கோயிலுக்குள்ளே எழுந்த பிணக்குகளைப் பற்றி எழுதுவதில் அவர்களுக்கு ஒரு தயக்கம் இருந்து வந்துள்ளது. அவை வெளியே தெரிந்தால் சபைக்கு இழுக்கு என்று கருதியமையே அதற்குக் காரணம். ஆனால் புதிய ஏற்பாட்டை எழுதியவர்களுக்கு அத்தகைய தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. எருசலேமில் விதவைகளுக்கு உணவு பகிர்வதில் எழுந்த முறைப்பாடு, அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் எதிர்த்து நின்றமை, கொரிந்தில் செல்வரும் வறியவரும் ஒரே விருந்தில் தனித்தனியாக உண்டமை ஆகிய யாவும் அங்கே ஒளிவுமறைவின்றிப் பதிவாகியுள்ளன.

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையிலும், நீண்ட காலம் பத்திரிகைத் துறையில் இருந்தவன் என்ற முறையிலும், சபைப் பிணக்குகளைப் பற்றி ஆசிரிய பீடத்துக்கு வந்த கடிதங்கள் பலவற்றை நான் வாசித்திருக்கின்றேன். சபைச் சொத்து, குருவானவரின் இடமாற்றம், தேர்தல், பாடகர் குழு எனக் காரணங்கள் பலவாக இருந்தபோதிலும் ஓர் ஒற்றுமையை அவற்றில் கண்டேன். ஒவ்வொரு தரப்பும் வேதாகமத்தையே தன் சாட்சியாக அழைத்திருந்தது. இரு தரப்பும் ஒரே நூலைக் கையில் வைத்துக்கொண்டு மோதும்போது ஒரு கிறிஸ்தவன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? இக்கேள்விக்கு விடை தேடுவோருக்குத் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1820களிலும் 1830களிலும் தஞ்சாவூரில் எழுந்த பிணக்கே அதுவாகும்.

சுவார்ட்ஸ் ஐயர் விட்டுச் சென்ற அமைதி

1706ஆம் ஆண்டு யூலை மாதம் சீகன்பால்க்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கியதோடு தமிழரிடையே புரட்டஸ்தாந்து திருச்சபை தோன்றியது. 1718இல் அங்கே புதிய எருசலேம் கோயில் பிரதிட்டை செய்யப்பட்டது. அக்கோயில்களில் வேளாளர் முதலிய சாதியினரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஒரே கூரையின் கீழ், ஆனால் தனித்தனிப் பக்கங்களில் அமர்ந்தனர். ஒரே பிரசங்கத்தைக் கேட்டனர். ஒரே செபத்தைச் சொல்லினர். இடையே ஓர் இடைவெளி மட்டும் இருந்தது.

அந்த இடைவெளி வெறும் இருக்கை ஒழுங்கு அன்று என்பதற்கு இராசநாயக்கன் என்னும் உபதேசியாரின் கதை சான்றாகும். தஞ்சை மன்னரின் படையில் போர்வீரராக இருந்த இவர் மிகுந்த உழைப்பாளி. தஞ்சை நாட்டில் சபைகள் உருவாகக் காரணமானவர்களுள் ஒருவர். 1741இல் இரண்டாவது தமிழ்க் குருவைத் தெரிவு செய்யும் வேளை வந்தபோது அவருடைய பெயரும் ஆராயப்பட்டது. ஆயினும் அவர் பறையர் குலத்தவர் என்பதால் அவருடைய கையால் ஏனையோர் நற்கருணை பெறமாட்டார்கள் என்ற அச்சம் எழுந்தது. தியோகு என்பவரே குருவாக்கப்பட்டார். இராசநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே பணியாற்றினார்.

1750இல் தமிழகம் வந்த கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயர் இந்த ஒழுங்கை உடைக்க முற்படவில்லை. போதனையினாலும் பழக்கத்தினாலும் அது தானாகவே தளரும் என்று அவர் எதிர்பார்த்தார். மன்னர், குடியானவர், ஆங்கிலேய அதிகாரி என எல்லோருடைய நம்பிக்கையையும் பெற்றிருந்த அவர் 1798இல் காலமானார். அவருடைய வளர்ப்பில் இருந்த சரபோசி மன்னர், சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல்லில் செய்வித்த நினைவுச் சிற்பம், தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவை அடுத்த கோயிலில் இன்றும் உள்ளது. சுவார்ட்ஸ் மரணப்படுக்கையில் இருக்க, சரபோசி அவருடைய கையைப் பற்றி நிற்கும் காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. அச்சிற்பத்தைப் பார்த்து நின்றபோது, அன்பினால் ஒரு சபையைக் கட்டியெழுப்பிய அம்மனிதர் தீர்க்காமல் விட்டுச் சென்ற கேள்வியையும் நான் நினைத்துக்கொண்டேன். அமைதி இருந்தது உண்மை. அந்த அமைதிக்கான விலையைச் செலுத்தியவர்கள் யார் என்பதே கேள்வி.

வேதநாயக சாஸ்திரியார்

சுவார்ட்ஸின் மாணவருள் தலைசிறந்தவர் வேதநாயக சாஸ்திரியார். 1774இல் பாளையங்கோட்டையில் வேளாளக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே சுவார்ட்ஸ் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றார். சரபோசியோடு நட்புடன் வளர்ந்தார். தரங்கம்பாடியில் கற்றார். பின்னர் தஞ்சை மிஷன் பாடசாலையின் தலைமையாசிரியரானார். பெத்லகேம் குறவஞ்சி முதலிய நூல்களாலும் எண்ணற்ற கீர்த்தனைகளாலும் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்துக்குத் தனி முகம் தந்தவர் அவரே. உலகின் எப்பகுதியில் தமிழ்க் கிறிஸ்தவர் கூடினாலும் அவருடைய பாடல்கள் ஒலிக்கின்றன.

1820களில் தஞ்சைக்கு வந்த புதிய தலைமுறை மிஷனரிமார் வேறொரு மனப்பாங்கு உடையவர்களாக இருந்தனர். சாதி என்பது சமூக வழக்கமன்று, அது சமயக் கேடு, கோயிலுக்குள் அதற்கு ஒரு கணமும் இடமில்லை என்பது அவர்களது நிலைப்பாடு. அவர்களுள் ஹௌப்ரோ ஐயர் முன்னின்றார். சுவார்ட்ஸின் வளர்ப்புப் பிள்ளையான முதியவர் கோல்ஹோவ் ஐயர் அதே மிஷனில் இருந்தபோதிலும் பழைய மென்மையான வழி செல்வாக்கு இழந்தது. எல்லோரும் கலந்து அமர வேண்டும், ஒரே வரிசையில் நற்கருணை பெறவேண்டும் எனக் கட்டளை பிறந்தது.

கட்டளை அதனோடு நின்றுவிடவில்லை என்பதே இவ்வரலாற்றில் கவனிக்க வேண்டிய இடமாகும். சபையார் தலைமுறைகளாக வாசித்துவந்த பப்ரீசியுஸ் மொழிபெயர்ப்பை விடுத்து ரேனியஸ் ஐயரின் புதிய திருத்தத்தை ஏற்குமாறு கோரப்பட்டது. திருமணத்திலும் அடக்க ஆராதனையிலும் பூக்களைப் பயன்படுத்துவது தடுக்கப்பட்டது. வழிபாட்டில் தமிழ்ப் பாடல்களுக்கும் தமிழிசைக்கும் இருந்த இடம் குறைக்கப்பட்டது. சாதி, வேதாகமம், பூ, பாட்டு ஆகிய நான்கிலும் தமது சபைக்குக் கொடுமை இழைக்கப்பட்டதாகச் சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்தோரும் முறையிட்டனர். 1829இல் சாஸ்திரியார் 'சாதி திருத்தலின் பயித்தியம்' என்னும் பொருள்படும் தலைப்பில் நீண்ட மறுப்பு ஒன்றை எழுதினார். மிஷன் பணியை அவர் இழந்தார். சரபோசி மன்னர் அவருக்கு அரண்மனைப் புலவர் என்ற இடம் தந்து ஆதரித்தார். இந்து மன்னர் ஒருவர், கிறிஸ்தவச் சபையால் ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவப் புலவரை ஆதரித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கே நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். நான்கு முறைப்பாடுகளுள் மூன்றில் சாஸ்திரியார் பக்கம் பெருமளவு நியாயம் இருந்தது. பூச்சூடுவதும் தமிழில் பாடுவதும் பாவமல்ல. பழகிய மொழிபெயர்ப்பை ஒரே நாளில் பிடுங்குவது சபையின் மனத்தைப் புண்படுத்துவதாகும். ஆனால் நான்காவது முறைப்பாடு அவ்வாறானதன்று. மற்றொரு மனிதன் தன் அருகே அமரலாகாது என்று கோருவது பண்பாட்டு உரிமை அல்ல. யாக்கோபின் நிருபம் இதே விடயத்தைப் பேசுகின்றது. பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் காலடியும் காட்டுவோரை அது கண்டிக்கின்றது. கோயில் இருக்கை ஒழுங்கைப் பற்றி இதைவிடத் தெளிவாக எங்கே எழுதப்பட்டிருக்கின்றது?

மிஷனரிமாரின் தவறு இந்த நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டியமையாகும். நீதியைப் பற்றிய கேள்வியையும் இரசனையைப் பற்றிய கேள்வியையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. அதனால் விளைந்தது என்ன? சாதியைக் காக்க விரும்பியவர்கள் தாம் தமிழ்ப் பண்பாட்டைக் காப்பதாகக் கூறக்கூடியதாயிற்று. பூவுக்கும் பாட்டுக்கும் இருந்த மதிப்பு சாதிக்கும் இரவலாகக் கிடைத்தது. சாஸ்திரியாரும் அம்மூட்டையை அவிழ்க்கவில்லை. நல்லவற்றோடு சேர்த்துத் தீயதையும் காத்து நின்றார். இன்றும் சபைப் பிணக்குகளில் இரு தரப்பும் செய்வது பெரும்பாலும் இதுவே. ஒரு குற்றச்சாட்டு போதாது என்று ஒன்பதைச் சேர்க்கின்றோம். முடிவில் எது பிரதான விடயம் என்பதே மறந்துபோகின்றது.

இரு அத்தியட்சர்கள்

இப்பிணக்கில் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. சுவார்ட்ஸின் மற்றொரு மாணவரான கிறிஸ்தியான் தாவீது ஐயர் 1801இல் யாழ்ப்பாணம் வந்து நீண்ட காலம் பணியாற்றியவர். 1824இல் கல்கத்தாவில் அத்தியட்சர் ஹீபர் அவருக்குக் குருப்பட்டம் அளித்தார். தென்னாட்டுச் சபைகளின் சாதி வழக்கம் பற்றி ஹீபர் அவரிடம் விசாரித்து அறிந்தார். அதன் பின்னர் அத்தியட்சரின் எண்ணம் பொறுமையின் பக்கம் சாய்ந்தது. சாதியை ஐரோப்பியரின் வகுப்பு வேறுபாட்டோடு ஒப்பிட்டு நோக்கும் போக்கு அவரிடம் காணப்பட்டது. 1826ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, அவர் தஞ்சாவூரில் இருந்தார். தமிழர் ஆராதனையில் தமிழிலேயே ஆசீர்வாதம் கூறினார். சபைப் பிணக்கை நேரில் விசாரித்துத் தீர்க்க அவர் எண்ணியிருந்தார். ஆனால் ஏப்ரல் 3ஆம் திகதி திருச்சிராப்பள்ளியில் நீராடச் சென்றவிடத்துத் திடீரென உயிரிழந்தார். விசாரணை நிறைவேறவில்லை.

1832இல் கல்கத்தா அத்தியட்சரான டானியல் வில்சன் வேறு விதமானவர். 1833ஆம் ஆண்டு யூலையில் அவர் தென்னாட்டுச் சபைகளுக்கு ஒரு சுற்றுநிருபம் அனுப்பினார். சாதி வேறுபாட்டைத் திருச்சபையிலிருந்து தாமதமின்றி, முற்றாக நீக்க வேண்டும் என்பது அதன் சாரம். அது சபைகளில் வாசிக்கப்பட்டபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் நூற்றுக்கணக்கானோர் சபையை விட்டு விலகினர். உபதேசிமாரும் ஆசிரியர்களும் பணி துறந்தனர். 1835இன் தொடக்கத்தில் அத்தியட்சரே நேரில் வந்து பேசியபின் சிலர் திரும்பினர், பலர் திரும்பவில்லை.

வில்சனின் முடிவு சரியானது என்றே நான் கருதுகின்றேன். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காத்திருந்தும் இடைவெளி தானாக மூடவில்லை. காத்திருக்குமாறு கூறுவது எப்போதும் மேற்பக்கத்தில் அமர்ந்திருப்போருக்கே எளிது. ஆயினும் அவர் தேர்ந்த வழி வேறு. மத்தேயு சுவிசேடத்தின் 18ஆம் அதிகாரம் பிணக்குத் தீர்க்கும் ஒழுங்கு ஒன்றைத் தருகின்றது. முதலில் தனியே சென்று பேச வேண்டும். பின்னர் ஓரிருவரோடு செல்ல வேண்டும். அதன் பின்னரே சபைக்கு அறிவிக்க வேண்டும். தஞ்சையில் இவ்வொழுங்கு தலைகீழாயிற்று. கல்கத்தாவிலிருந்து வந்த கடிதம் முதலில் சபையில் வாசிக்கப்பட்டது. நேர்முகப் பேச்சு அதன் பின்னரே வந்தது. கடிதம் வாசிக்கப்பட்ட பின்னர் எவரும் தம் மதிப்பை இழக்காமல் மனம் மாறுவதற்கு இடம் இருக்கவில்லை.

மேலும், கட்டளையிட்ட ஐரோப்பியர் தமிழ்க் கிறிஸ்தவரைத் தமது மேசையில் சமமாக அமர்த்தினரா என்ற கேள்வியும் அக்காலத்தில் எழுந்தது. அது தப்பித்துக்கொள்ளும் வாதமே. ஒருவருடைய குற்றம் மற்றவருடைய குற்றத்தை நியாயமாக்காது. ஆனால் அந்த வாதத்துக்கு வாய்ப்பளித்தது அன்றைய குடியேற்ற நாட்டு வாழ்க்கை என்பதையும் மறுப்பதற்கில்லை.

திறந்திருந்த அடுத்த கதவு

விலகியவர்கள் எங்கே சென்றனர்? 1840களில் செர்மனியிலிருந்து டிரெஸ்டன் மிஷன் தரங்கம்பாடியில் பழைய லுத்தரன் பணியைத் தொடர வந்தது. பின்னர் அது லைப்சிக் மிஷன் எனப் பெயர் பெற்றது. அதன் தலைவரான கார்ல் கிரால், 1849 முதல் 1853 வரை பயணம் செய்து தமிழையும் கற்றவர். திருக்குறளை ஆய்ந்து மொழிபெயர்த்த அறிஞர். சாதி விடயத்தில் அவர் பழைய பொறுமை வழியையே ஆதரித்தார். அங்கிலிக்கன் சபையில் மனத்தாங்கல் கொண்டோர் பலர் அங்கே சேர்ந்தனர். லைப்சிக் மிஷனுக்குள்ளேயே இதனை எதிர்த்தோர் இருந்தனர். அவர்களுள் ஒருவரான ஓக்ஸ் ஐயர் 1860களில் விலகித் தென்னார்க்காட்டில் டேனிஷ் மிஷனின் பணியைத் தொடங்கினார்.

ஒரு பிளவு மற்றொரு பிளவைப் பெற்றெடுத்த விதத்தை இங்கே காண்கின்றோம். அடுத்த கதவு திறந்திருக்கும்போது சமாதானம் செய்ய வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. விலகியவரும் மனம் வருந்தத் தேவையில்லை. விலக்கியவரும் தேடிச் செல்லத் தேவையில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் உள்ள நம்மவர் இதனை நன்கு உணர்வர். ஒரு நகரத்தில் இருபது குடும்பங்களோடு தொடங்கிய தமிழ்ச் சபை, ஆண்டுகள் சில கழிவதற்குள் மூன்றாகப் பிரிந்து மூன்று மண்டபங்களை வாடகைக்கு எடுப்பதை நான் கேள்விப்பட்டிருக்கின்றேன். மூன்றிலும் ஒரே பாடல்கள். பெரும்பாலும் அவை சாஸ்திரியாரின் பாடல்களே.

யாழ்ப்பாணத்தின் கணக்கு

இவற்றையெல்லாம் தமிழகத்தின் கதை என்று ஒதுக்கிவிட நம்மால் முடியாது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் இதே சிக்கலைச் சந்தித்தனர். ஆரம்ப காலத்தில் மிஷன் வளவுக்குள் சமைத்த உணவை உண்ண மாணவர் மறுத்தமையால் அயலிலுள்ள சைவரின் வளவில் சமையலுக்கு ஒழுங்கு செய்ய நேர்ந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறி அறிவுத் துறையில் ஆசியாவே வியக்கும் மாணவரை உருவாக்கியது. ஆனால் சாதிக் கட்டை அதே வேகத்தில் அது அறுத்தது என்று கூற இயலாது.

1834இல் யாழ்ப்பாணத்திலிருந்தே அமெரிக்க மிஷன் மதுரைக்குச் சென்றது. உதவியாளராக யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவரும் உடன் சென்றனர். அந்த மதுரை மிஷன் 1847இல் ஒரு கண்டிப்பான தீர்மானம் எடுத்தது. எல்லாச் சாதியினரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணச் சம்மதிப்போரே சபை அங்கத்தவராக இருக்கலாம் என்பது அது. உபதேசிமார் பலர் சம்மதியாது நீங்கினர். வேதத்தைப் போதித்தவர்களே விருந்தில் அமர மறுத்தனர்.

இருபதாம் நூற்றாண்டிலும் நிலைமை முற்றாக மாறவில்லை. உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் அமர வேண்டும் என்று 1929இல் அரசாங்கம் பணித்தபோது யாழ்ப்பாணத்தில் எதிர்ப்பு எழுந்தது; பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. அதுவரை பல பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் நிலத்திலேயே அமர்த்தப்பட்டனர். அக்காலத்தில் சமபந்தி போசனத்தையும் சம ஆசனத்தையும் ஆதரித்து நின்றோருள் ஹண்டி பேரின்பநாயகம் முதலியோரின் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் முன்னணியில் இருந்தது. சபைகள் செய்யத் தயங்கியதை இளைஞர் செய்ய முன்வந்தனர் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

சுவரும் நீதிமன்றமும்

கத்தோலிக்கரிடையேயும் இதே பிணக்கு நிலவியது. திருநெல்வேலிச் சீமையின் தெற்கேயுள்ள வடக்கன்குளம் இதற்குப் பேர்போனது. 1872இல் அங்கே எழுந்த கோயில், பீடத்தில் ஒன்றுகூடி இரு கைகளாகப் பிரிந்து நின்றது. ஒரு பக்கத்தில் வேளாளரும் முதலியாரும், மறுபக்கத்தில் நாடாரும் ஏனையோரும். நடுவே சுவர். பீடத்தில் நிற்கும் குருவுக்கு இரு பக்கமும் தெரியும்; மக்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. 1910ஐ அண்மித்து அச்சுவர் இடிக்கப்பட்டபோது, தமக்குரிய தனியிடத்தை மீட்டுத் தருமாறு ஒரு தரப்பினர் வழக்குத் தொடர்ந்தனர். வழக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதியின் பெயரால் தனியிடம் கோரும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. 1917ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் அத்தீர்ப்பு இடம்பெற்றுள்ளது.

சகோதரரின் வழக்கை வெளி நீதிபதியிடம் கொண்டு செல்வதைப் பவுல் கொரிந்தியருக்குக் கண்டித்து எழுதினார். வடக்கன்குளத்திலோ, சபை தானே உரத்துச் சொல்லத் தயங்கியதை வெளி நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. மற்றொரு செய்தியும் உண்டு. 1745இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றது இதே வடக்கன்குளத்திலேயே. சாதி பாராது எல்லோரும் சமம் என்று போதித்ததும் அவர்மீது உயர்குலத்தார் வெகுண்டமைக்கு ஒரு காரணமாக இருந்தது. 1752இல் அவர் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே மாதம் உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் தண்ணீர் ஊற்றப் பெற்ற ஊரிலேயே, ஒரு நூற்றாண்டு கழித்து அந்தச் சுவர் எழுந்தது.

இவை பழங்கதைகள் என்று எண்ணிவிடவும் கூடாது. 2008ஆம் ஆண்டு மார்ச் மாதம் விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தனிப் பங்கு கோரிய தலித் கத்தோலிக்கருக்கும் வன்னியக் கத்தோலிக்கருக்கும் இடையே மோதல் மூண்டது. பொலிஸார் சுட்டதில் இருவர் உயிரிழந்தனர்.

பதிவாகாத குரல்

இப்பிணக்கின் ஆவணங்களை வாசிக்கும் எவரும் ஒரு குறையை உணர்வர். சாஸ்திரியாரின் குரல் கேட்கின்றது. மிஷனரிமாரின் கடிதங்கள் கிடைக்கின்றன. அத்தியட்சர்களின் எண்ணம் அச்சில் உள்ளது. ஆனால் மறுபக்கத்தில் அமர்ந்திருந்த மக்களின் சொந்தச் சொல் ஏறக்குறைய கிடைப்பதே இல்லை. அவர்களுக்காக ஐரோப்பியர் பேசினர். அவர்களுக்கு எதிராக மேற்சாதியினர் பேசினர். அவர்கள் என்ன விரும்பினர் என்று சபை கூட்டிக் கேட்டதாகத் தெரியவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகளின் 6ஆம் அதிகாரத்தை இவ்விடத்தில் ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். கிரேக்க மொழி பேசும் விதவைகள் பந்தியில் புறக்கணிக்கப்படுவதாக முறைப்பாடு எழுந்தபோது அப்போஸ்தலர் அதனை மறைக்கவில்லை. முறைப்பாடு செய்தோரைக் கலகக்காரர் என்று கூறவும் இல்லை. சபையைக் கூட்டினர். ஏழு பேரைத் தெரிவு செய்யுமாறு கேட்டனர். தெரிவான ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். புறக்கணிக்கப்பட்ட தரப்பினரின் கையிலேயே பந்தியின் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது என்று இதற்குப் பொருள் கொள்வது தவறாகாது. தஞ்சாவூரில் எவரும் இந்த வழியை முயன்று பார்க்கவில்லை. முயன்றிருந்தால் இராசநாயக்கன் 1741இலேயே குருவாகியிருப்பார்.

அந்தியோகியாவில் நடந்ததும் பந்தியைப் பற்றிய பிணக்கே. புறவினத்தாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகினார். பவுல் சுற்றுநிருபம் அனுப்பவில்லை. முகத்துக்கு முகம் எதிர்த்தார். அந்த ஒரு விடயத்தை மட்டுமே பேசினார். பேதுருவின் ஏனைய குறைகளை அடுக்கவில்லை. பேதுருவும் வேறொரு சபையைத் தொடங்கிவிடவில்லை.

பிணக்கை எதிர்கொள்ளும் கிறிஸ்தவனுக்கு இவற்றிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன என்பது என் கருத்து. முதலாவது, நீதியைப் பற்றிய விடயத்தையும் பழக்கத்தைப் பற்றிய விடயத்தையும் பிரித்தறிய வேண்டும். பின்னையதில் விட்டுக்கொடுக்கலாம், முன்னையதில் இயலாது. இரண்டாவது, மேடையில் சொல்வதற்கு முன்னர் நேரில் சொல்ல வேண்டும். மூன்றாவது, கூட்டத்தில் பேசாதிருப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். பல சமயங்களில் பிணக்கின் முழுப் பாரமும் அவர்மீதே இருக்கும்.

வேதநாயக சாஸ்திரியார் 1864இல் தமது 89ஆவது வயதில் காலமானார். அவருடைய 'சாதி திருத்தலின் பயித்தியம்' இன்று ஆய்வாளர் சிலரால் மட்டுமே வாசிக்கப்படுகின்றது. அவருடைய கீர்த்தனைகளோ சபைக்குச் சபை பாடப்படுகின்றன. எவரை அருகே அமர்த்த அவர் தயங்கினாரோ அவர்களுடைய வழித்தோன்றல்களும் அவற்றைப் பாடுகின்றனர். அவருடைய நூல்களுள் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதைச் சபை மக்கள் தாமாகவே தீர்மானித்துவிட்டனர். அதற்கு எந்த அத்தியட்சரின் சுற்றுநிருபமும் தேவைப்படவில்லை. ஆனால் அதற்குள் நான்கு தலைமுறைகள் கடந்துவிட்டன. அத்தனை காலம் காத்திருக்க நேர்ந்தவர்களிடம் எவரும் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.